உடைந்ததாகக் கூறப்படும் மதகு

பணியக் கணக்கு மதகைத் திருத்துவதற்காக வந்த சீமெந்து, வந்த லொறியிலேயே அன்று பின்னேரம் திரும்பிப் போனது.

ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் கீழ்ப் பிரிவைத்தான் பணியக் கணக்கு என்பார்கள். நாற்பத்திரண்டு குடும்பங்கள். அவர்களுக்கும் பிரதான வீதிக்கும் நடுவே ஓர் ஓடை. ஓடையின் மேல் பன்னிரண்டு அடி நீளத்தில் மதகு. ஒக்டோபர் இருபதாம் திகதி அதன் கொங்கிறீட் தட்டு நடுவில் இடிந்து விழுந்தது. கூடவே, கொழுந்து பறித்துவிட்டு வந்த திரேசம்மாவும் விழுந்தார். தட்டு மூன்று துண்டானது. திரேசம்மாவின் வலது கால் இரண்டு துண்டானது. மதகில் மிஞ்சியது ஓரமாக ஒரு முழ அகலம். கைபிடி கிடையாது. ஒன்பது அடி கீழே பாறை.

பிள்ளைகள் அந்த ஓரத்தில் பக்கவாட்டாக நகர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள். சசிக்குமாரின் மனைவி நிரஞ்சனியால் அது முடியாது. அவளுக்கு எட்டரை மாதம். குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை. மூத்தவன் வலி தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் பிறந்தவன். நவம்பர் பதினெட்டாம் திகதி மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கும்படி கிளினிக் அட்டையில் எழுதியிருந்தது. அதற்கு முன்னால் கட்டில் இல்லை.

"அதுக்கு முந்தி வலி வந்தா ஒரு நிமிசமும் வச்சிருக்காதீங்க" என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். "நடக்க வைக்கவும் வேணாம். ஆட்டோவ வாசலுக்கே எடுங்க."

ஆட்டோ இருந்தது. மதகு இடிந்த அன்று பக்கத்து வீட்டு ரமேஸ் தன் ஆட்டோவை லய வீடுகளுக்கு முன்னால் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அது உள்ளேயே நிற்கிறது. மேல் பிரிவைச் சுற்றிப் போகும் பாதை மழைக்குச் சரிந்து கிடந்தது. நிரஞ்சனியை முன்கூட்டியே வெளியே எங்காவது தங்க வைக்கலாம் என்றாலும் அந்த ஒரு முழத்தைக் கடந்தாக வேண்டும்.

சசிக்குமாருக்குத் தம்புள்ளைச் சந்தையில் லொறிக்கு மரக்கறி ஏற்றும் வேலை. மனைவிக்காக லீவு போட்டு வந்திருந்தான். சீமெந்து மூட்டைகள் மறுபடி லொறியில் ஏறுவதைப் பார்த்து அவன் வீதி அதிகாரசபையின் ஓவசியர் ஸக்கரியாவிடம் ஓடினான். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்றுதான் அழைப்பார்கள்.

"என்ன நானா, தப்பான எடத்துக்கு வந்துட்டீங்களா?"

"சரியான எடம்தான் சசி. திரேசம்மாட மருமகன் மைக்கல் கொழும்புல இருந்து லோயர் லெட்டர் அனுப்பி ஈக்கார். இனி இது சட்டப் பிரிவுட கையில. நாங்க தொடப் படாதாம்."

"லெட்டர் வந்தா சுருக்கா கட்டணும்தானே?"

"கட்டினா, ஒடஞ்சி ஈந்த எண்டு ஒத்துக்கொண்ட மாதிரியாம்."

இதைச் சொல்லிவிட்டு ஸக்கரியா மதகின் இரு முனையிலும் தானே கட்டியிருந்த சிவப்புத் துணிகளை அவிழ்த்தார். ஆபத்து என்று தெரிந்துதான் துணி கட்டினார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும் அல்லவா.

மலையோர வீதிகள் அதிகாரசபையின் சட்டப் பிரிவு மாத்தளை நகரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கதவில் இரண்டு பலகைகள். மேலே 'சட்டப் பிரிவு'. அதன் கீழே 'இங்கு சட்ட ஆலோசனை வழங்கப்படமாட்டாது'. சசிக்குமார் இரண்டையும் வாசித்துவிட்டு, வேறு கதவு இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை.

சட்ட உத்தியோகத்தர் பிரியந்தன் அமைதியானவர். அவர் யாரையும் கோபித்துப் பேசியதாக அலுவலகத்தில் எவருக்கும் நினைவில்லை. பக்கத்து மேசையில் டயனா என்ற எழுதுவினைஞர், பேசுவதையெல்லாம் கணினியில் பதிந்துகொண்டிருந்தாள்.

"முதல்ல ஒரு விசயம் தம்பி" என்றார் பிரியந்தன். "நான் வக்கீல்தான். ஆனா ஒங்க வக்கீல் இல்ல. அதிகாரசபையோட வக்கீல். நீங்க இங்க சொல்றது ஒங்களுக்கு எதிராவே திரும்பலாம். விளங்குதா?"

"வெளங்குது சேர். அந்தக் குழி..."

டயனாவின் விரல்கள் நின்றன.

"குழி எனக் கூறப்படுவது" என்றார் பிரியந்தன்.

"சரி சேர். அதுல திரேசம்மாக்கா விழுந்து..."

"விழுந்ததாகக் கூறப்படும்."

"கால் ஒடஞ்சி..."

"அதையும் அப்பிடியே போட்டுக்க டயனா."

சசிக்குமார் வேறு பக்கத்திலிருந்து தொடங்கினான். "சேர், என் பொண்டாட்டி மாசமா இருக்கா. பதினெட்டாம் திகதி ஆஸ்பத்திரி."

டயனா நிமிர்ந்து பிரியந்தனைப் பார்த்தாள். இதற்கும் போடுவதா என்பது அவள் சந்தேகம். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கர்ப்பத்துல அதிகாரசபைக்குச் சம்பந்தம் இல்ல. அத அப்பிடியே விடலாம்."

வந்த முறைப்பாட்டுக்கு நடவடிக்கை எடுக்கும் அலுவலகம்தான் அது. நவம்பர் நான்காம் திகதி காலை சட்டப் பிரிவு ஒரு வான் வண்டியில் வந்திறங்கியது. சாரதி மதகுக்கு இருபது அடி முன்னால் வானை நிறுத்தி, இதற்கு மேல் தன்னால் முடியாது என்றான். அறிக்கையில், 'வாகனம் அவ்விடத்தில் சாரதியின் சொந்த விருப்பத்தின் பேரில் தரித்தது' என்று பதியப்பட்டது. பிரியந்தன் மிஞ்சிய ஓரத்தையும் கீழே இருந்த பாறையையும் பார்த்தார். இந்தக் கரையிலிருந்து எடுக்கும் படங்களே சட்டத்துக்குப் போதும் என்றார்.

பிறகு குழியை அளந்தார்கள். அது இப்போது சான்று. சான்று மாறக்கூடாது. ஆகவே தோட்டத்தில் ஓய்வுபெற்ற மாரிமுத்துவை நாட்சம்பளத்துக்குக் காவல் போட்டு, கையில் ஓர் அளவு நாடாவையும் ஒரு கட்டுப் படிவத்தையும் கொடுத்தார்கள்.

"தெனமும் காலையில அளந்து எழுதணும். பெரிசாகவும் விடாதீங்க. சின்னதாகவும் விடாதீங்க" என்றார் பிரியந்தன்.

"மனுசர் விழுந்தா சேர்?"

"அளவு மாறினா மட்டும் எழுதுங்க."

ஆறாம் திகதி பெய்த மழையில் குழி நான்கு அங்குலம் அகன்றது. மிஞ்சியிருந்த ஓரம் ஒரு முழத்திலிருந்து ஒரு சாணாகியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது நின்றது. மாரிமுத்து உள்ளதை உள்ளபடி எழுதியனுப்பினார். 'தங்கள் பொறுப்பில் விடப்பட்ட குழி எனக் கூறப்படுவது, பொறுப்பேற்ற இரண்டே நாட்களில் அதிகரித்தமைக்கு விளக்கமளிக்கவும்' என்று பதில் வந்தது. மழை என்று எழுதலாமா என்று அவர் டயனாவுக்குப் போன் எடுத்துக் கேட்டார். மழைக்குப் படிவத்தில் இடமில்லை என்று அவள் பார்த்துச் சொன்னாள்.

ஓரம் ஒரு சாணான அன்றே சசிக்குமாரும் ரமேசும் இரண்டு கமுக மரங்களை வெட்டி வந்து குறுக்கே போட்டார்கள். மறுநாள் பொலிஸ்காரர் ஒருவருடன் வான் வந்தது. சான்றைச் சிதைக்க முயன்றதாக இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மரங்கள் வானின் கூரையில் கட்டப்பட்டு மாத்தளைக்குப் போயின. சட்டப் பிரிவின் நடைவழியில் இலக்கம் ஒட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். உத்தியோகத்தர்கள் அவற்றைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போய் வருகிறார்கள்.

சசிக்குமார் அந்த ஒரு சாண் ஓரத்தில் ஒட்டி நகர்ந்து மதகைக் கடந்து, மறுபடி இரண்டாம் மாடிக்கு ஏறினான். பிரியந்தன் இம்முறை டயனாவைத் தேநீர் குடித்து வரச் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"கேஸ் இருக்கிற வரைக்கும் எங்க கை கட்டி இருக்கு தம்பி. கேஸ் இல்லன்னா கட்டே இல்ல. நான் இப்பிடிச் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

திரேசம்மா லயத்து அறையில் காலை முக்காலியில் தூக்கி வைத்தபடி பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். சசிக்குமார் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை.

"நான் வாபஸ் வாங்கினா கட்டிருவானுங்களா?"

"அப்பிடித்தான் தெரியுது அக்கா."

"எவன் சொன்னான்?"

"பிரியந்தன் சேர். சொன்னாருன்னு சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு."

"நல்ல ஆம்பள." அவர் ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் வீசினார். "இந்தக் காலோட நான் இனிக் கொழுந்துக்குப் போக மாட்டேன். அதுக்கு ஒரு பதில் கெடைக்கும்னுதான் மைக்கல் அந்த லெட்டர அனுப்புனான். இப்ப நீ அத வேணாம்னு எழுதிக் குடுங்கிற."

சசிக்குமார் கீழே சிதறிக் கிடந்த பயறைப் பொறுக்கி அவருடைய சுளகில் போட்டான்.

"நேத்து ஒம் பொண்டாட்டி பைப்படிக்கு வந்தாடா. வயிறு எறங்கிருச்சி. பதினெட்டு வரைக்கும் தாங்காது." திரேசம்மா சுளகைக் கீழே வைத்தார். "எங்க ஒப்பம் வைக்கணும்?"

முதல் கடிதம் திரும்பி வந்தது. மதகைத் திருத்தினால் வழக்கைக் கைவிடுவதாக அவர் எழுதியிருந்தார். நிபந்தனையுடன் கூடிய வாபஸை ஏற்க முடியாது. தவிரவும் 'திருத்தினால்' என்றால் ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள் வரும். இரண்டாவது கடிதத்தை டயனாவே தட்டச்சு செய்து அனுப்பினாள். 'நான் மேற்படி மதகில் விழவில்லை. விழுவதற்கு அங்கு குழி எதுவும் இருக்கவில்லை.'

"என் காலப் பத்தி என்னா எழுதியிருக்கு?" என்று திரேசம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்ல அக்கா."

"சரி. அதாவது எனக்கு மிஞ்சட்டும்."

ஒப்பம் வைத்தார்.

பத்தாம் திகதி சசிக்குமார் அந்தக் கடிதத்துடன் போனபோது சட்டப் பிரிவில் அவனுக்கு முதல் தடவையாகக் கதிரை கொடுத்தார்கள். பிரியந்தன் கடிதத்தை இரண்டு முறை வாசித்து, கோப்பில் வைத்து, கோப்பை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சது" என்றார்.

"ரொம்ப நன்றி சேர். சீமெந்து எப்ப வரும்?"

"எதுக்கு?"

"குழிய மூட."

"எந்தக் குழி தம்பி?" அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். "இப்பத்தானே நீங்களே கொண்டு வந்து குடுத்தீங்க, குழி இருக்கல்லன்னு. இல்லாத குழிக்கு அரசாங்கச் சீமெந்தப் போட்டா அது மோசடி. அந்த ஓவசியர் மனுசன் பாவம், உள்ளுக்குப் போவான்."

பிரியந்தன் அவனுக்குத் தேநீர் வரவழைத்தார். அன்று அவர் மனம் நிறைந்திருந்தது. யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது.

"இந்தப் பிரிவு தொடங்கி முப்பத்தொரு வருசம். ஒரு கேஸ்கூட நாங்க தோத்ததில்ல. எப்பிடின்னு நினைக்கிறீங்க? மத்தவங்க சட்டம் படிச்சி ஜெயிக்கிறாங்க. நாங்க அதிகாரசபைய ஒண்ணும் செய்ய விடாம ஜெயிக்கிறோம். பாலம் கட்டினா இடியும். ரோட்டுப் போட்டா குழி விழும். கட்டாத பாலம் இடிஞ்சதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? இஞ்சினியர்மாருக்கு இது விளங்காது. அவங்களுக்கு எதையாவது கட்டணும். அவங்களத் தடுக்கத்தான் அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் தருது. சனங்கள் நினைக்கிறாங்க, நாங்க அவங்களுக்கு எதிரின்னு. இல்ல தம்பி. சனங்களும் அதிகாரசபையும் எங்கயுமே சந்திக்காம பாத்துக்கிறோம். அப்பிடி இருந்தா சண்டையே வராதுதானே?"

தேநீரில் சீனி அளவாக இருந்தது. சசிக்குமார் குடித்துவிட்டு, கடிதத்தில் ஒரு பிரதி கேட்டான். டயனா மகிழ்ச்சியோடு முத்திரை குத்திக் கொடுத்தாள்.

ரத்தோட்டை பஸ்ஸில் அவன் அந்தப் பிரதியை ஐந்தாறு தடவை வாசித்தான். தம்புள்ளையில் பெட்டி காலி என்று துண்டில் எழுதிவிட்டால், அதற்குள் எதை வைத்தாலும் வாசலில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ரமேசிடம் போனான்.

"குழி இல்லன்னு அவங்களே எழுதி முத்திரை குத்திட்டாங்க. இல்லாத குழிய நம்ம மூடினா, எவன் வந்து என்னா கேக்க முடியும்?"

ரமேஸ் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேய், இத எழுதினவன் பைத்தியமா, வாசிக்கிறவன் பைத்தியமா?"

"ரெண்டு பேரும் இல்ல. கம்பி எங்க கெடைக்கும்னு சொல்லு."

பழைய தொழிற்சாலை வேலியிலிருந்து கம்பி வந்தது. ஓடையிலிருந்து மணல் வந்தது. வீட்டுக்கு வீடு, மிச்சம் வைத்திருந்த சீமெந்து வந்தது. பதினோராம் திகதி காலை பலகை அடித்து, கீழே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஸக்கரியா மோட்டார் சைக்கிளில் வந்து மறுகரையில் நின்றார். மதகு பற்றித் தொழில்நுட்பக் கருத்து எதையும் எவருக்கும் கூறக்கூடாது என்று சட்டப் பிரிவு அவருக்கு எழுத்தில் கொடுத்திருந்தது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கட ஊட்டுல போன மாசம் கக்கூசுக்கு சிலாப் போட்டன்" என்றார் பொதுவாக.

வேலை நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"கம்பிய இப்பிடி மேலால வைக்கல்ல. கீழால வச்சன். ஆறு அங்குலத்துக்கு ஒண்டு."

சசிக்குமார் கம்பிகளைக் கீழே இறக்கினான்.

"முட்டு நாலு போதாதெண்டு எட்டுப் போட்டன்."

ரமேஸ் மரம் வெட்ட ஓடினான்.

"ஏழு நாளைக்கு முட்டக் கழட்டல்ல. ஏழு நாளைக்கு ஊட்டுல ஒத்தரையும் அதுல ஏற உடல்ல."

"ஏழு நாளும் என்னா நானா செஞ்சீங்க?" என்று மாரிமுத்து அளவு நாடாவுடன் கேட்டார்.

"பக்கத்து ஊட்டுக்குப் போன." ஸக்கரியா மோட்டார் சைக்கிளை உதைத்தார். "நான் மதகப் பத்தி ஒண்டும் செல்லல்ல. என்ன?"

பின்னேரம் கொங்கிறீட் விழுந்தது. பதினொன்றும் ஏழும் பதினெட்டு. சசிக்குமார் அதை விரலிலும் எண்ணிப் பார்த்தான். ஈரச் சாக்குகளைப் பரப்பி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றினான்.

ஆனால் மாரிமுத்துவை நிறுத்தும் கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை. குழி இல்லை என்று முடிவான பிறகும் அவர் தினமும் காலையில் அதை அளந்துகொண்டுதான் இருந்தார். பன்னிரண்டாம் திகதிப் படிவத்தில், நீளம் பூச்சியம், அகலம் பூச்சியம், ஆழம் பூச்சியம் என்று எழுதி அனுப்பினார்.

அந்தப் படிவம் இரண்டாம் மாடியைக் கலக்கியது. யாரோ குழியை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, இருக்கவே இல்லை. புதிதாக ஏதோ கட்டியிருக்கிறார்கள். அனுமதியில்லாத கட்டுமானம் என்று உடைத்து, முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரும்படி உத்தரவிடலாம். முன்பிருந்த நிலை எது என்று உத்தரவில் எழுத வேண்டுமே. பிரியந்தன் இரண்டு நாள் யோசித்தார். பதினைந்தாம் திகதி காலை, டயனாவையும் ஸக்கரியாவையும் வானில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

பதினைந்தாம் திகதி காலை பத்து மணிக்கு நிரஞ்சனிக்கு வலி வந்தது.

பத்து இருபதுக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. ரமேஸ் ஆட்டோவைப் பின்பக்கமாக வாசலுக்கே எடுத்தான். சசிக்குமார் அவளைத் தூக்கி உள்ளே வைத்து, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். மதகை அடைந்தபோது நடுத் தட்டில் பிரியந்தன் குடையுடன் நின்றிருந்தார். மறுகரையில் டயனாவும் ஸக்கரியாவும். தூறல்.

ரமேஸ் பிரேக் பிடித்தான். தட்டுக்கு நான்கு நாள் வயது.

சசிக்குமார் குதித்து ஓடினான். "சேர், தள்ளுங்க. வலி வந்துருச்சி."

பிரியந்தன் ஆட்டோவைப் பார்த்தார். அவருடைய முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "தம்பி, போகலாம்னு நான் சொல்ல முடியாது. சொன்னா, இது தாங்கும்னு அதிகாரசபை உத்தரவாதம் குடுத்த மாதிரி."

"அப்ப போகக் கூடாதா?"

"கூடாதுன்னும் சொல்ல முடியாது. சொன்னா, ஆபத்து இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

"என்னாதான் சேர் சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. அதுதான் சட்டப்படி சரியான நிலை."

ஆட்டோவுக்குள்ளிருந்து நிரஞ்சனியின் சத்தம் வந்தது. டயனா தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வந்தாள். பிரியந்தன் அவளிடம் கை நீட்டி ஒரு தாளை வாங்கினார். "சொந்தப் பொறுப்பில் கடக்கிறேன்னு ஒரு படிவம் இருக்கு. ஒரு ஒப்பம் போதும். நான் தள்ளி நிக்கிறேன்."

சசிக்குமார் பேனாவைப் பறித்தான். 'பின்வரும் ஆபத்தை நான் முழுமையாக அறிந்து' என்று தாளில் இருந்தது. அதன் பிறகு ஒரு வெற்றுக் கோடு.

"இதுல என்னா எழுதுறது?"

"ஆபத்து என்னன்னு."

"நீங்களே எழுதுங்க சேர்."

பிரியந்தன் பேனாவை வாங்கினார். கோட்டின் மேல் பிடித்தார். எழுதவில்லை. எதை எழுதினாலும் அது அதிகாரசபையின் எழுத்து. தூறல் தாளில் விழுந்து கோடு கரையத் தொடங்கியது.

"ஏங்க" என்று நிரஞ்சனி கத்தினாள். "புள்ளையோட கால் வெளிய வர்ற மாதிரி இருக்குங்க!"

சசிக்குமார் பிரியந்தனை விட்டுவிட்டு மறுகரையைப் பார்த்தான். இந்தத் தட்டைப் பற்றித் தெரிந்த ஒரே மனிதர் அங்கே குடைக்குள் நின்றிருந்தார்.

"நானா! தாங்குமா?"

"மிஸ்டர் ஸக்கரியா" என்றார் பிரியந்தன் திரும்பாமலே. "பதில் சொல்லாதீங்க. ஒங்க வாயிலிருந்து வாறது அதிகாரசபையோட வார்த்தை. கடிதம் ஞாபகம் இருக்குதானே?"

"ஈக்கிது சேர்."

"தலையையும் ஆட்ட வேணாம்."

ஸக்கரியா தலையை ஆட்டவில்லை. குடையை மடக்கி டயனாவிடம் கொடுத்தார். சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கரையைப் பிடித்துப் பிடித்து ஓடைக்குள் இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். இரண்டு தடவை வழுக்கினார். கீழே ஒரு கல்லை எடுத்து முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் மேலே கேட்டது. ஐந்தாவது முட்டு வேறு மாதிரிச் சத்தம் கொடுத்தது. அதற்கு ஓர் ஆப்பை அடித்து இறுக்கினார். எட்டையும் தட்டி முடித்தார். பிறகு மேலே வரவில்லை. தட்டின் நட்டநடுவே, அதற்கு நேர் கீழே போய், பாறையில் குந்தி உட்கார்ந்தார்.

"மிஸ்டர் ஸக்கரியா, என்ன செய்றீங்க?"

"நான் ஒண்டும் செல்லல்லயே சேர்" என்று கீழிருந்து குரல் வந்தது.

சசிக்குமார் ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினான். ரமேஸ் ஹோர்னை அமுக்கியபடியே விட்டான். பிரியந்தன் ஆட்டோவின் முன்சக்கரத்தைப் பார்த்தார், தன் காலடியில் இருந்த தட்டைப் பார்த்தார். அதன் மேல் அவர் அவ்வளவு நேரமும் நின்றிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுகரைக்கு ஓடினார்.

முன்சக்கரம் ஏறியது. கீழே ஏதோ நெறிந்தது. ரமேஸ் நிறுத்தவில்லை, நிறுத்தினால் எடை ஓரிடத்தில் தங்கும். பின்சக்கரங்கள் ஏறியபோது தட்டு ஒரு நூல் தாழ்ந்ததைச் சசிக்குமார் தன் இடுப்பில் உணர்ந்தான். நிரஞ்சனி அவனுடைய கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு அடி. மறுகரையின் மண் சக்கரத்தில் பட்டதும் ரமேஸ் அழுகிறானா கெட்ட வார்த்தை பேசுகிறானா என்று தெரியாதபடி ஏதோ சொல்லிக்கொண்டு வானை உரசித் தாண்டினான்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தது. நேரே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு. கால் முதலில் வந்திருந்தது. இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். எவரை என்று சசிக்குமார் கேட்கவில்லை.

ஓடையிலிருந்து ஏறி வந்த ஸக்கரியாவின் தலையில் கொஞ்சம் மணல் விழுந்திருந்தது. வேறொன்றும் இல்லை. அவர் ஒரு வார்த்தையும் பேசாததால், கருத்துக் கூறிய குற்றத்துக்கு அவரைப் பிடிக்க முடியவில்லை. வேறு குற்றம் தேட நான்கு நாள் எடுத்தது. கடிதம் டயனாவின் கையால் தட்டச்சாகி, பிரியந்தனின் ஒப்பத்தையும் அவருக்கு மேலே உள்ள இரண்டு பேரின் ஒப்பங்களையும் வாங்கிக்கொண்டு பத்தொன்பதாம் திகதி ஸக்கரியாவிடம் வந்தது.

'கடந்த 15ஆம் திகதி முற்பகல் 10.40 மணியளவில், பணியக் கணக்கு மதகின் உடைந்த பகுதியினுள், கடமை நேரத்தில், அனுமதியின்றி அமர்ந்திருந்தமைக்கான காரணத்தை 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.'

நான்கு பேர் வாசித்த கடிதம். 'உடைந்த' என்ற சொல் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வெளியாருக்குப் போகும் கடிதத்தில்தான் 'கூறப்படும்' போட வேண்டும் என்பது அந்தப் பிரிவின் முப்பத்தொரு வருடப் பழக்கம். சொந்த ஊழியனுக்கு எழுதும்போது உள்ளதை உள்ளபடி எழுதுவார்கள். சொந்த ஊழியன் வழக்குப் போடுவதில்லை.

ஸக்கரியா அதைத் திரேசம்மாவின் வீட்டில் வைத்து வாசித்துக் காட்டினார்.

"இன்னொரு தடவ" என்றார் திரேசம்மா.

வாசித்தார்.

"ஒடஞ்ச பகுதின்னா போட்டிருக்கு?"

"மூணு ஒப்பத்தோட."

"நான் குழியே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கேனே ஓவசியர்."

"அவங்க எழுதித் தந்ததிலதானே ஒப்பம் வச்சீங்க. அது பொய்யெண்டு இப்ப அவங்கட கடுதாசியே செல்லுது. மைக்கல்ட லோயருக்கு இது போதும்."

திரேசம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒங்களுக்குப் பென்சனுக்கு எத்தன காலம் இருக்கு?"

"ரெண்டு வருசம்."

"இத எங்கிட்டக் குடுத்தா அது கெடைக்குமா?"

"கெடைக்காம போகலாம்" என்றார் ஸக்கரியா. "பேனை ஈக்கா?"

பயறு பொறுக்கும் சுளகை மடியில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தாளை விரித்து, ஸக்கரியா தம்முடைய பதிலை அங்கேயே எழுதினார். இரண்டு வரிதான் வந்தது.

'தாங்கள் குறிப்பிடும் உடைந்த பகுதியினுள் நான் அமர்ந்திருந்தது உண்மை. அது ஒக்டோபர் 20ஆம் திகதி முதல் உடைந்திருந்ததும் உண்மை.'

ஒப்பம் வைத்தார். பதவியை எழுதினார். பிறகு அரசாங்கக் கடிதங்களில் வழக்கமாகப் போடும் இடத்தில், இடப்பக்க மூலையில், இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

'பிரதி: திருமதி திரேசம்மா, பணியக் கணக்கு - தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும்.'